புளிப்பு மருந்தான கதை: தோலுக்கு வந்த அமிலங்கள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு என்றொரு கிராமம் இருக்கிறது. வரலாறு படித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயில்தான் ஞாபகம் வரும். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இவை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக அங்கே சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. சுமார் 1400 ஆண்டுகளாக அந்தக் கருங்கல் அப்படியே நிற்கிறது.

அதே விழுப்புரம் மாவட்டத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கரும்பு! முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையே இருக்கிறது. இன்று சின்னக் கண்ணாடிப் புட்டியில், ஒரு மூட்டைக் கரும்பின் விலைக்கு விற்கப்படும் 'க்ளைகாலிக் ஆசிட் சீரம்' இந்தக் கரும்பின் பெயரைச் சொல்லித்தான் விளம்பரம் செய்யப்படுகிறது.

'ஆசிட்' என்றாலே நம் ஊரில் வயிறு கலங்கும். முகத்தில் ஆசிட் வீசிய கொடுமைகளைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த தலைமுறை இது. ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013ல் கட்டுப்பாடு விதிக்க வேண்டி வந்தது. அப்படியிருக்க அதே பெயருள்ள பொருளை அதே முகத்தில் பூசச் சொல்கிறார்களே, எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் விளம்பரத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

தோலே புளிப்புதான்

முதலில் ஓர் ஆச்சரியமான உண்மை. நம் தோலின் மேற்பரப்பே லேசான அமிலத்தன்மை கொண்டது. டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் 1909ல் அமில அளவைச் சொல்ல 'பிஹெச்' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். இதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போக காரம். தோலின் அளவு சுமார் 5. ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் 1928ல் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயர் வைத்தார்கள். கிருமிகள் எளிதில் குடியேறாமல் காப்பதில் இந்தப் போர்வைக்கும் பங்கு உண்டு.

சாதாரண சோப்பின் பிஹெச் 9, 10 வரை போகும். சோப்பு போட்டுக் குளித்தபின் தோல் இழுத்துப் பிடிப்பது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் பாட்டிமார் பயன்படுத்திய சீயக்காய்த் தண்ணீர் லேசான அமிலத்தன்மை உள்ளது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

தோலின் மேலடுக்கு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? செங்கல் சுவரை நினைத்துக் கொள்ளுங்கள். செத்துப்போன தட்டையான செல்கள்தான் செங்கல். இடையில் இருக்கும் கொழுப்புதான் சாந்து. மண்டகப்பட்டுக் கோயில் வேண்டாம் என்று ஒதுக்கிய இரண்டையும் வைத்துத்தான் நம் உடம்பு தன் வெளிச்சுவரைக் கட்டியிருக்கிறது! பழைய செங்கல் உதிர, கீழிருந்து புதியது மேலே வரும். இந்த உதிர்தல் சரியாக நடக்காதபோது தோல் தடிக்கிறது, செதில் படிகிறது, துளைகள் அடைத்துப் பரு வருகிறது. பல அமிலங்கள் செய்யும் வேலை, அந்தச் செங்கற்களுக்கு இடையே உள்ள பிணைப்பைத் தளர்த்துவதுதான். அளவோடு தளர்த்தினால் மருந்து. அளவு மீறினால் சுவரே சரியும்.

புளி, தயிர், எலுமிச்சை

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புளிக்குள் என்ன இருக்கிறது, தயிருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனில் மருந்துக்கடை வைத்திருந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1769ல் டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தார். இது நம் புளியில் ஏராளமாக இருப்பது. புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலம் (1780), எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் (1784), ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலம் (1785) என்று வரிசையாகப் பிரித்துக் காட்டினார். 1786ல், 43 வயதில் இறந்துவிட்டார்.

ஷீலே தேடியது அழகை அல்ல, வேதிப்பொருளை. ஆனால் இன்று 'ஏ.ஹெச்.ஏ.' என்று புட்டிகளில் அச்சிடப்படும் அமிலங்களில் பெரும்பாலானவை அவர் பிரித்தெடுத்தவைதான்.

தொழுநோயும் நீரடிமுத்தும்

தோலுக்கும் அமிலத்துக்கும் உள்ள உறவில் நம் மண்ணோடு நெருங்கிய அத்தியாயம் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஒரு மரம் மரவெட்டி. அதன் விதைக்கு நீரடிமுத்து என்று பெயர். சித்த மருத்துவத்தில் அதன் எண்ணெய் தோல் நோய்களுக்கு, குறிப்பாகத் தொழுநோய்க்கு, மருந்தாகப் பயன்பட்டது. இதன் உறவு மரங்கள் வடகிழக்கு இந்தியாவிலும் பர்மாவிலும் உண்டு. அங்கே இந்த எண்ணெயின் பெயர் சால்முக்ரா.

தொழுநோய் என்றால் அன்று நோய் மட்டும் இல்லை, சமூக மரணம். வீட்டை விட்டும் ஊரை விட்டும் விரட்டினார்கள். 1898ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், நோயுற்ற ஏழைகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. அப்படி விரட்டப்பட்டவர்களின் கடைசி நம்பிக்கையாக இருந்தது இந்த எண்ணெய்.

கல்கத்தாவில் பணிபுரிந்த மௌவாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1854ல் இதை மேல்நாட்டு மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். லண்டன் ஆய்வகம் ஒன்றில் பிரெடரிக் பவர் என்பவரும் சகாக்களும் 1904, 1905 ஆண்டுகளில் எண்ணெயைப் பிரித்துப் பார்த்தபோது அதில் இருந்தவை இரண்டு புதுவகைக் கொழுப்பு அமிலங்கள். ஒன்று சால்முக்ரிக் அமிலம், மற்றது ஹிட்னோகார்பிக் அமிலம்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எண்ணெயைக் குடித்தால் குமட்டும், வாந்தி வரும். மேலே தடவினால் போதுமான பலன் இல்லை. ஊசியில் ஏற்றினால் கெட்டியான எண்ணெய் உடம்பில் கலக்காமல் தோலுக்கடியில் கட்டிக் கட்டியாக நின்று வலிக்கும். மருந்து கையில் இருந்தும் உடம்புக்குள் செலுத்த வழியில்லை!

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆலிஸ் பால். ஹவாயில் வேதியியல் கற்பித்த இளம் கறுப்பினப் பெண். வயது 23. கல்லூரி மாணவர்களின் வயதுதான்! அந்தக் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றி, ஊசியில் ஏற்றக்கூடிய நீர்த்த மருந்தாக்கினார். 1916 டிசம்பர் 31ல் 24 வயதில் இறந்தும் போனார். அவருடைய ஆய்வைத் தொடர்ந்த பேராசிரியர் ஆர்தர் டீன் அவர் பெயரைக் குறிப்பிடாமலே அதை வெளியிட்டார். 1922ல் ஹோல்மன் என்ற மருத்துவர் 'பால் முறை' என்று எழுதியதால்தான் உண்மை பதிவானது. ஹவாய் பல்கலைக்கழகம் அவருக்கு நினைவுப் பலகை வைக்க 2000ஆம் ஆண்டு வரை ஆனது. இதே காலத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் இந்த அமிலங்களைக் கரையும் உப்பாக மாற்றும் வழியில் உழைத்தார்.

இந்த ஊசி எல்லோரையும் குணமாக்கவில்லை. ஆனால் பலருக்கு நோய் தணிந்தது. அதைவிட முக்கியமாக, தொழுநோய்க்கும் வைத்தியம் உண்டு என்ற எண்ணத்தை அது விதைத்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் டாப்சோன். செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் 1940களில் அதைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கம் உள்ள பொலம்பாக்கத்தில் பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 1955ல் மையம் தொடங்கி, ஊர் ஊராகப் போய் மரத்தடியிலேயே நோயாளிகளைப் பார்த்தார்கள். 1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நீரடிமுத்து எண்ணெய் ஓய்வு பெற்றது.

1898ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெறவில்லை. அது நீக்கப்பட்டது 2016ல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி போனது 2019ல். மருந்தைவிட மனசு மாறத்தான் அதிகக் காலம் பிடிக்கிறது.

சாம்பிராணியும் படர்தாமரையும்

அடுத்த கதை நம் பூஜை அறையிலிருந்து தொடங்குகிறது. சாம்பிராணி என்பது சுமத்ரா பகுதியில் வளரும் மரத்தின் பிசின். அங்கே பாருஸ் என்ற பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு பொறித்தது. சூடத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன அந்தக் கரையில் தமிழ் வணிகர்கள் கணக்கு எழுதிக் கொண்டிருந்த காலம் அது!

சாம்பிராணியைச் சூடாக்கினால் வெண்மையான படிகம் எழும்பும் என்பது ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அதுதான் பென்சாயிக் அமிலம். இன்னொரு பக்கம், காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த வில்லோ மரப்பட்டையின் சாரத்திலிருந்து இத்தாலியரான பிரியா 1838ல் சாலிசிலிக் அமிலத்தை உருவாக்கினார். ஜெர்மனியின் கோல்பே வகுத்த முறையால் 1874 முதல் அது ஆலையில் மலிவாகத் தயாரானது. விலை குறைந்ததும் மருத்துவர்கள் கையில் தாராளமாகக் கிடைத்தது. ஹாம்பர்க் தோல் மருத்துவர் உன்னா 1882ல் அது தோலை உரிக்கும் விதத்தை விவரித்து எழுதினார்.

இந்த இரண்டு அமிலங்களையும் ஒன்று சேர்த்தவர் லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்ட். 6 சதவீதம் பென்சாயிக், 3 சதவீதம் சாலிசிலிக். முன்னது பூஞ்சையை அடக்கும், பின்னது பூஞ்சை குடியிருக்கும் மேல்தோலை உதிர்க்கும். படர்தாமரைக்கு இதைவிட மலிவான மருந்து நெடுங்காலம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1977ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இது இடம்பெற்றது. வியர்வையில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு எந்த விளம்பரமும் இல்லாமல் சேவை செய்த களிம்பு இது.

சாலிசிலிக் அமிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் நிறைந்த தோல் துளைக்குள்ளே இறங்கி அடைப்பை எடுக்கும். இன்றைய பரு பேஸ்வாஷ்களில் அது இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தேமல் தந்த மருந்து

சங்க இலக்கியத்தில் பெண்ணின் மேனியில் படரும் சுணங்கு அழகாகப் பாடப்படுகிறது. இன்றோ முகத்தில் தேமல் வந்தால் வீடே கவலைப்படுகிறது. நாம் தேமல் என்று சொல்லும் வெளிறிய திட்டுகளில் ஒரு வகை, தோலில் வாழும் பூஞ்சையால் வருவது. 1970களில் ரோம் நகரில் மார்செல்லா நசாரோ-போரோவும் அவர் குழுவும் அந்த வெளிறலுக்குக் காரணம் தேடினார்கள். தோலில் உள்ள கொழுப்பிலிருந்து அந்தப் பூஞ்சை அசிலாயிக் அமிலத்தை உண்டாக்கும் என்பதையும், அந்த அமிலம் நிறமி உருவாக்கும் நொதியைத் தடுக்கும் என்பதையும் கண்டார்கள். பிறகு அதையே மருந்தாக்கியபோது பருவுக்கும், கன்னத்தில் வரும் மங்குக்கும் பயன்பட்டது. நோயைக் கவனித்துப் பார்த்ததில் மருந்து கிடைத்தது!

மீன் செதில் தோலிலிருந்து அழகு நிலையம் வரை

இனி கரும்புக்கு வருவோம். பிறவியிலேயே தோல் மீன் செதில் போலக் காய்ந்து வெடிக்கும் நோய் ஒன்று உண்டு. பெயர் இக்தியோசிஸ். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வான் ஸ்காட் என்ற தோல் மருத்துவரும் ரூயி யூ என்ற வேதியியலாளரும் இந்த நோயாளிகளுக்காக 60க்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தார்கள். சிறப்பாக வேலை செய்தவை எவை தெரியுமா? ஷீலே பிரித்தெடுத்த அதே லாக்டிக், சிட்ரிக், மாலிக், டார்டாரிக் அமிலங்களும், கரும்புச் சாற்றிலும் காணப்படும் க்ளைகாலிக் அமிலமும்! 1974ல் இந்த முடிவுகள் வெளியாயின. வாழ்நாள் முழுக்கச் செதிலோடு வாழ்ந்தவர்களுக்குத் தோல் மிருதுவானது.

அங்கிருந்து வியாபாரம் தொடங்கியது. இருவரும் 1988ல் சொந்த நிறுவனம் ஆரம்பித்தார்கள். 1990களில் அமிலக் க்ரீம்கள் அழகு நிலையங்களை நிறைத்தன. அளவு தெரியாமல் பூசிச் சிவந்துபோன முகங்களும் பெருகின. 1990களின் இறுதியில் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, வீட்டில் பயன்படுத்தும் பொருளில் இந்த அமிலம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பிஹெச் 3.5க்குக் கீழே இறங்கக்கூடாது என்று வரம்பு சொன்னது. இந்த அமிலங்கள் பூசிய தோலை வெயில் எளிதில் சுடும் என்பதால் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று 2005ல் அமெரிக்க அரசும் அறிவுறுத்தியது. விழுப்புரம் வெயிலில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புட்டியில் கரும்புப் படம் இருந்தாலும் சந்தையில் உள்ள க்ளைகாலிக் அமிலத்தின் பெரும்பகுதி வேதி ஆலையில் தயாராவது. கரும்பு விவசாயிக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை.

சிறைக்குள் நடந்த சோதனை

அதே பிலடெல்பியாவில் இன்னொரு கதையும் நடந்தது. ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற புகழ்பெற்ற தோல் மருத்துவர் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் பருவைக் குறைக்கும் என்று 1969ல் காட்டினார். 1971ல் அதற்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. வெயிலால் சுருங்கிய தோலையும் அது ஓரளவு சீராக்கும் என்று 1986ல் ஆய்வு வந்தது. இன்றும் தோல் மருத்துவத்தில் மிக நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் அது ஒன்று.

ஆனால் க்ளிக்மன் தன் ஆய்வுகளில் பலவற்றை நடத்திய இடம் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலை. 1951 முதல் 1974 வரை அங்கிருந்த கைதிகள்மேல் சோதனைகள் நடந்தன. பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். சில டாலர் கூலிக்காக முதுகைக் கொடுத்தார்கள். டயாக்சின் என்ற நச்சுப்பொருள்கூட அவர்கள்மேல் பூசப்பட்டது. 1998ல் ஆலன் ஹார்ன்ப்ளம் எழுதிய புத்தகம் இதை ஊரறியச் செய்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021லும், பிலடெல்பியா நகராட்சி 2022லும் மன்னிப்புக் கேட்டன.

க்ளிக்மனின் இன்னொரு கண்டுபிடிப்பு நம் ஊர் மருந்துக்கடை வரை வந்தது. மங்குக்கு ஹைட்ரோகுவினோன், ரெட்டினாயிக் அமிலம், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பை 1975ல் அவரும் வில்லிஸும் சேர்ந்து எழுதினார்கள். மருத்துவர் பார்வையில் குறுகிய காலம் பூச வேண்டிய மருந்து. அதே 1975ல்தான் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது. அந்தக் களிம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நிறம்தான் வாழ்க்கை என்ற விளம்பரங்கள் ஊறிய நாட்டில், மூன்று மருந்து கலந்த களிம்புகளும் 'சிவப்பாக்கும் க்ரீம்' என்று சீட்டில்லாமல் விற்பனையாயின. மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்தது, நரம்புக் கோடுகள் தெரிந்தன, நிறுத்தினால் எரிந்து சிவந்தது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2018ல்தான் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் மத்திய அரசு முறையாகச் சேர்த்தது. 2020ல் அந்த க்ரீமும் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கியது.

எது எதற்கு?

இத்தனை வரலாற்றையும் சுருக்கினால் இப்படி வரும். சாலிசிலிக் அமிலம் அடைத்த துளைக்கும் பருவுக்கும். லாக்டிக், க்ளைகாலிக் அமிலங்கள் காய்ந்து தடித்த தோலுக்கு. அசிலாயிக் அமிலம் பருவுக்கும் மங்குக்கும். ரெட்டினாயிக் அமிலம் பருவுக்கும் வெயில் சுருக்கத்துக்கும். ஆனால் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. நெல்லிக்காயில் உள்ள அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, வெயிலின் பாதிப்பை எதிர்க்கத் துணை செய்யும். 1934ல் மேயரும் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்த ஹையலுரானிக் அமிலம் எதையும் உரிக்காது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எலுமிச்சையை நேராக முகத்தில் தேய்ப்பது மட்டும் வேண்டாம். அதன் பிஹெச் சுமார் 2. அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கவும் கூடும்.

இவற்றில் எதுவும் கறுப்பான தோலைச் 'சரி செய்ய' வந்ததல்ல. கறுப்பு ஒரு நோயே இல்லையே, சரி செய்வதற்கு! தொழுநோயாளி, படர்தாமரையில் தவித்த உழைப்பாளி, செதில் தோலோடு பிறந்த குழந்தை, பருவால் கூனிக்குறுகிய வாலிபன். இவர்களுக்காக வந்தவை இந்த அமிலங்கள். சிலவற்றுக்கான விலையைச் சிறைக் கைதிகள் தங்கள் முதுகில் கொடுத்திருக்கிறார்கள். எனவே அடுத்த முறை ஒரு புட்டியைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நோய்க்கு? எத்தனை சதவீதம்? யார் சொல்லி? மூன்றாவது கேள்விக்குப் பதில் விளம்பரம் என்றால் புட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை மட்டுமில்லை, 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. தோலுக்கு ஏதாவது என்றால் அங்கே ஒரு சீட்டு வாங்கிக் காட்டுவது, எந்த சீரத்தையும்விட மலிவு.